‘அம்மா அடிவாங்கும்போது அசையாமல் நின்றேன்... நான் கோழைதானே மேடம்?’

வடசென்னையிலிருந்து 36 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஏழு பக்கம். ஒரே மூச்சில் எழுதியதில்லை என்று கையெழுத்தே சொல்கிறது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

காசிமேட்டுப் பக்கம் ஒரு சந்தில் வளர்ந்தவர். அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை. முடித்துவிட்டு, குடித்துவிட்டு வருவார். சந்துமுனையில் அவர் செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று இவருக்குத் தெரிந்துவிடுமாம். ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுவரை, அம்மா அடிவாங்கிய ராத்திரிகளில் சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். “கத்தல. ஓடல. குறுக்க விழல. மரக்கட்ட மாதிரி நின்னேன்.” பதினைந்து வயதில் பாக்ஸிங் கிளப்பில் சேர்ந்து நாலைந்து மெடல் வாங்கியிருக்கிறார். “ரிங்குல எவனுக்கும் பயந்தது இல்ல. வூட்ல அந்தச் செருப்பு சத்தம் கேட்டா மட்டும் கை மரத்துப் போய்டும்.”

இப்போது கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எட்டு வயதில் ஒரு மகன். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடுகிறது. டீக்கடையில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை. குடிப்பழக்கம் அறவே இல்லை. ஆனால் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் தூக்க மாத்திரை உண்டு. போன மாதம் மகன் கைதவறி எவர்சில்வர் குடத்தைக் கீழே போட்டுவிட்டான். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் அவனை அறைந்துவிட்டார். பையன் அழவில்லை. சமையல் மேடைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றான். “அங்க நின்னது அவன் இல்ல மேடம், நான்.”

சின்ன வயதில் பட்ட அதிர்ச்சி மூளையைச் சுருக்கிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம். தன் மூளை அவ்வளவுதானா என்று கேட்கிறார். அப்பா மாதிரியே ஆகிவிடுவோமோ என்று பயப்படுகிறார். மனைவி, “இந்த ஏரியாவுல யார் வூட்ல அப்பா குடிக்கல, எல்லாரும் நல்லாத்தான கீறாங்க” என்கிறார். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார். வைத்தியத்துக்குப் போனால் ஹெவி லைசென்ஸுக்கு ஆபத்து வருமா என்றும் கேட்டிருக்கிறார். கூடவே, “நான் கீழ்ப்பாக்கம் கேஸ் இல்ல” என்று ஒரு வரி, அடிக்கோடு போட்டு.

தம்பி, முதலில் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்குப் போகிறேன். அங்கே ஒரு வரியை எழுதிவிட்டு நீங்களே கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். “அம்மா அடிவாங்கிக்கினே கண்ணாலயே ‘அங்கயே நில்லு’ன்னு சொல்லும்.” மீதி ஆறு பக்கமும் ‘ஏன் நின்றேன், ஏன் நின்றேன்’ என்று உங்களை நீங்களே விசாரணை செய்கிறீர்கள். பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. அம்மா நிற்கச் சொன்னார், நின்றீர்கள்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போது, உங்களுக்கே ஒரு மகன் இருக்கும்போது, யோசித்துப் பாருங்கள். ஐஸ் பார் தூக்கிப் பழகிய கை அது. அதன் குறுக்கே ஒன்பது வயதுப் பையன் விழுந்தால் அடி இரண்டு பேருக்காகும், அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த அறையில் மிச்சமிருந்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு, நீங்கள் கண்ணில் படாமல் இருப்பது. அதை அம்மாவும் நீங்களும் ஒரு வார்த்தை பேசாமல் சேர்ந்து செய்திருக்கிறீர்கள்.

சரி, அம்மா சொல்லாமல் இருந்திருந்தாலும் நின்றிருப்பீர்களா? அநேகமாக நின்றிருப்பீர்கள். ஆபத்து வந்தால் அடிப்பது, ஓடுவது என்று இரண்டு வழிதான் என்று பலர் நினைக்கிறார்கள். உறைந்து நிற்பது மூன்றாவது வழி. பல்லி, முயல், மனிதன் எல்லோருக்கும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று நம்மிடம் கேட்டுவிட்டு மூளை முடிவு செய்வதில்லை. கண்ணும் காதும் அனுப்பும் தகவலில் ஒரு பகுதி, அமிக்டலா என்ற சிறு பகுதிக்குக் குறுக்குவழியில் முன்னதாகவே போய்விடுகிறது. ‘இது என்ன, யார், நான் என்ன செய்யட்டும்’ என்று நிதானமாக யோசிக்கும் நெற்றிப் பக்கத்து மூளைக்கு அது மெதுவாகத்தான் வந்து சேரும். அதற்குள் உடம்பு முடிவெடுத்திருக்கும். குடம் விழுந்தபோது உங்கள் கை போனதும் இதே குறுக்குவழியில்தான். அதற்குப் பின்னால் வருகிறேன். அதை நான் இவ்வளவு சுலபமாக விடப்போவதில்லை.

ரிங்கும் வீடும்

நீங்கள் எழுதியதிலேயே என்னை அதிகம் யோசிக்கவைத்தது பாக்ஸிங் விஷயம். ‘ரிங்கில் பயம் இல்லை, வீட்டில் மட்டும் கை மரத்தது, அப்படியானால் பயம் உடம்பில் இல்லை, என் குணத்திலேயே கோளாறு’ என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கணக்கு தப்பு.

ரிங்கில் எதிரில் நிற்பவன் உங்கள் எடைப் பிரிவு. மணி அடித்தால் ரவுண்டு தொடங்கும், மணி அடித்தால் முடியும். ரெஃப்ரி இருக்கிறார். முடியவில்லை என்றால் கோச் டவல் எறியலாம். அடி விழும்; ஆனால் எப்போது விழும், எப்போது நிற்கும் என்பதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டில் மணி கிடையாது. எடைப் பிரிவு கிடையாது. டவல் எறிய ஆளும் கிடையாது.

இந்த வித்தியாசம் மூளைக்கு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1967-இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இருவர் நாய்களை வைத்துச் செய்த சோதனைகள் வெளியாயின. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியை வாங்கிய நாய்களில் பல, பிறகு தாண்டித் தப்பிக்க வழி இருந்தபோதும் தாண்டாமல் படுத்தே கிடந்தன. ‘கையாலாகாத நிலையை அவை கற்றுக்கொண்டுவிட்டன’ என்று பாடப்புத்தகங்கள் எழுதின. நானும் அப்படித்தான் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க் வாங்கினேன். ஆனால் 2016-இல் அதே இருவரும், பின்னால் வந்த மூளை ஆய்வுகளை வைத்துக்கொண்டு, நாங்கள் அன்று சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். நீண்டு போகும் வேதனைக்கு முன்னால் செயலற்றுப் போவது கற்றுக்கொண்ட பாடமே இல்லை, அது பிறவியிலேயே உள்ள ஏற்பாடு. ‘நான் ஏதாவது செய்தால் இது மாறும்’ என்பதைத்தான் மூளை புதிதாகக் கற்கிறது. அதைக் கற்பது நெற்றிப் பக்கத்து மூளை. கற்ற பிறகு அந்தப் பிறவி ஏற்பாட்டை அதுவே அடக்கிவைக்கிறது.

உங்களுக்கு அந்தப் பாடம் கிளப்பில் கிடைத்தது. வீட்டில் கிடைக்க வாய்ப்பே இல்லை. ஒரே ஆள், ஒரே கை. இதில் குணக்கோளாறு எங்கே வந்தது?

பிறகு ஏன் ‘நான் கோழை’ என்று ஒட்டிக்கொண்டது?

ஏனென்றால் அந்த வயதுக்கு அதுதான் கட்டுப்படியான நம்பிக்கை. அடிக்கிறவரும் அப்பா, வாடகை கொடுக்கிறவரும் அப்பா. நல்ல நாளில் மீன் வாங்கி வந்து, முள் எடுத்து ஊட்டியதாக எழுதியிருக்கிறீர்களே, அவரும் அதே அப்பாதான். ‘இந்த ஆள் ஆபத்தானவர், எனக்கு வேறு போக்கிடம் இல்லை’ என்று ஒரு குழந்தையால் தினமும் நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் தூங்க முடியாது. ‘தப்பு என்மேல்’ என்று வைத்துக்கொண்டால் ஒரு சௌகரியம் உண்டு. தப்பு என்னுடையது என்றால், நான் இன்னும் தைரியசாலியாக ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பலாம். தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டு குழந்தைகள் வாங்கும் நம்பிக்கை இது. பிழைத்திருப்பதற்காக எழுதிய வரியை இத்தனை வருடம் கழித்து உண்மை என்று படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதுவும் இந்தப் பாதிப்பின் ஒரு பாகம் என்று மருத்துவம் இப்போது ஒத்துக்கொள்கிறது. அதிர்ச்சிக்குப் பின்வரும் மனப் பாதிப்பு, அதாவது பிடிஎஸ்டி, அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இடம் பெற்றது 1980-இல். கெட்ட கனவு, திடுக்கிடல், தவிர்த்து ஒதுங்குதல் எல்லாம் அப்போதே பேசப்பட்டவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தப்பிக்க முடியாமல் திரும்பத் திரும்ப நடந்த கொடுமைகளுக்குப் பின் வரும் சிக்கலான வகை ஒன்று அதில் தனியாக இருக்கிறது. ‘நான் மட்டமானவன், தோற்றவன்’ என்ற அசையாத எண்ணம் அதன் அடையாளங்களில் ஒன்று. உங்களுக்கு இருப்பது அதுதானா என்று கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். நேரில் பார்ப்பவர் சொல்லட்டும்.

உங்களிடம் இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது: ‘எந்த நிமிஷமும் நடக்கலாம்’. டீக்கடையில் சுவருக்கு முதுகு கொடுத்து உட்காரவைப்பது அதுதான். அப்பா இறந்து ஆறு வருடம் ஆன பிறகும் மூளைக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நினைவில் தேதி பதிவாகவில்லை, அதனால்தான். செருப்புச் சத்தம், தாழ்ப்பாள், வாடை என்று துண்டு துண்டாகப் பதிந்திருக்கிறது. எந்தத் துண்டைத் தொட்டாலும் முழுதும் இப்போதே நடப்பதுபோல எழும்பும்.

மூளை சுருங்கிவிட்டதா?

அந்த வீடியோ சொன்னது பாதிக் கதை. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பிடிஎஸ்டி உள்ளவர்களிடம் சிறியதாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டது உண்மை. ஆனால் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் வியட்நாம் போருக்குப் போனவர்களையும், போருக்கே போகாத அவர்களுடைய ஒரே கரு இரட்டைச் சகோதரர்களையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு அந்தப் பகுதி சிறியதாக இருந்தது. வீட்டிலேயே இருந்த சகோதரருக்கும் சிறியதாகவே இருந்தது! அதாவது, ஓரளவுக்காவது அது பிறப்போடு வந்த அளவு. அதிர்ச்சி மூளையைத் தொடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘சுருங்கியது, முடிந்தது’ என்று தீர்ப்பு எழுத ஆதாரம் இல்லை என்கிறேன். பதினோரு வருடமாக ஒரு விபத்து இல்லாமல், எண்ணூர் சாலையில் ராத்திரி கண்டெய்னர் வரிசையில் வண்டி ஓட்டுகிற மூளை உங்களுடையது. வீடியோவைக் கொஞ்ச நாளைக்கு மூடிவையுங்கள்.

மனைவி சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஆறுதலுக்குச் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ‘எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க’ என்பது வெளியிலிருந்து பார்க்கும் கணக்கு. உங்களையும் அந்த ‘எல்லாரும்’ பட்டியலில்தான் தெருவில் வைத்திருப்பார்கள்.

மகன்

இனி கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். கை ஏன் போனது என்பதற்குக் காரணம் இருக்கிறது. காரணம் உங்களுக்கு; கன்னம் அவனுடையது. அவன் மூளை இப்போது உங்கள் காலடிச் சத்தத்தைப் படிக்கத் தொடங்கியிருக்கலாம்.

அடிவாங்கி வளர்ந்தவர்கள் எல்லோரும் அடிப்பவர்களாக ஆவதில்லை, பெரும்பாலோர் ஆவதில்லை. உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் குடிக்காமல் இருப்பது மட்டும் என்று நினைத்திருந்தீர்கள். போன மாதம் அது போதவில்லை. செய்ததை ஒத்துக்கொள்வதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் அப்பா ஒருநாளாவது உங்களிடம் “நான் செஞ்சது தப்புடா” என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதை நீங்கள் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். ஏழு பக்கக் கதை வேண்டாம். “குடம் விழுந்ததுக்கு நீ காரணம் இல்ல. அப்பா அடிச்சது தப்பு. அப்பா அதைச் சரி பண்ண டாக்டர்கிட்டப் போறேன்.” அவ்வளவு போதும். மன்னிச்சுட்டேன் என்று அவன் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எட்டு வயதுக்கு அது பெரிய சுமை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். மனைவி உங்களுக்குப் பயப்படுகிறாரா? எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். பெண்களுக்கான 181 உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098-ம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். உங்கள் போனிலும் இருக்கட்டும். உள்ளே கோபம் ஏறுவது தெரிந்தால் வீட்டைவிட்டுச் சந்துமுனைவரை நடந்துவிட்டு வருவது என்று மனைவியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். சொல்லாமல் எழுந்து போனால் அதுவே இன்னொரு சண்டையாகும்.

எங்கே போவது, எதற்குப் பயப்படுவது

‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று நம் ஊரே நக்கலடிக்கும் அந்த மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கிய வழிவந்தது. எத்தனையோ குடும்பங்களை நிமிர்த்திவிட்ட இடம். போனால் கௌரவம் குறையாது. உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்களே, அதேதான். அங்கேயும் மனநலப் பிரிவு உண்டு; காலையில் ஓபி சீட்டு போட்டால் போதும். நேரில் போகத் தயக்கம் என்றால் முதலில் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, தமிழிலேயே பேசலாம், இலவசம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். டிரெய்லர் வரிசையில் நிற்கும் நேரத்திலேயே கூடக் கூப்பிடலாம். தற்கொலை எண்ணம் எட்டிப்பார்த்தால் யோசிக்காமல் அதே எண்.

பேச்சுச் சிகிச்சை என்றால் உட்கார்ந்து அழுவது என்று நினைக்காதீர்கள். பலனுள்ளதாக நிரூபணமான முறைகளில் ஒன்று பொதுவாக 12 அமர்வுகள். ‘நான் கோழை’ மாதிரி சிக்கிக்கொண்ட வரிகளைக் காகிதத்தில் எழுதி, வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதுபோல ஆதாரம் கேட்பார்கள். பாதுகாப்பு, நம்பிக்கை, கட்டுப்பாடு, தன்மதிப்பு, நெருக்கம் என்று ஐந்து இடங்களில் அதிர்ச்சி எதை மாற்றி எழுதியது என்று பார்ப்பார்கள். மூன்றாம் பக்கத்து வரியை வைத்து இந்தக் கடிதத்தில் நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். கண் அசைவை வைத்துச் செய்யும் ஈஎம்டிஆர் என்ற முறையும் உண்டு. எந்த முறையானாலும் பழைய பயம் அழிந்துபோகாது. பக்கத்தில் புதுப் பாடம் எழுதப்படும், அவ்வளவுதான். அதனால் நடுவில் ஒரு மோசமான வாரம் வந்தால் எல்லாம் வீண் என்று விட்டுவிடாதீர்கள்.

அதுவரை ஒரு சின்னப் பயிற்சி. தாழ்ப்பாள் சத்தத்தில் விழித்தால், எழுந்து உட்கார்ந்து காலைத் தரையில் வையுங்கள். அது யார் தாழ்ப்பாள் என்று பெயர் சொல்லுங்கள்: பக்கத்து வீட்டு அக்கா, தண்ணீர் பிடிக்கப் போகிறார். பிறகு அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள மூன்று வித்தியாசங்கள். அது தகரக் கதவு, இது மரக் கதவு. அன்று உங்கள் உயரம் மேடையளவு, இன்று நிலைப்படியில் தலை இடிக்கும். அந்த ஆள் இப்போது இல்லை. அமிக்டலாவுக்குத் தேதி தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தரவேண்டும்.

கயிறு விஷயம். அம்மா கட்ட ஆசைப்பட்டால் கட்டிக்கொள்ளுங்கள், அதில் கெடுதல் இல்லை. அந்தச் சாக்கில் அவரிடம் ஒன்று கேளுங்கள், முடிந்தால்: “நீதான அங்கயே நில்லுன்னு சொன்ன?” இருபத்து சொச்சம் வருடமாக அவரும் யாரிடமும் பேசாமல் வைத்திருப்பார். அவர் எழுந்து போய்விட்டால் வற்புறுத்தாதீர்கள்.

லைசென்ஸ் பயத்துக்குப் பதில்: ஆலோசனைக்குப் போகிறீர்கள் என்பதற்காக மட்டும் லைசென்ஸ் போகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. முதலாளி போன் போட்டுக் கேட்டாலும் சொல்லக் கூடாது. உண்மையில் உங்கள் வேலைக்கு ஆபத்து இப்போது சட்டைப்பையில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் வாங்கும் அந்த மாத்திரை அல்ப்ராசோலாம் வகை என்றால், மறுநாள் காலையிலும் ஸ்டியரிங்கில் கண் சொக்கும், பழக்கமாக ஒட்டிக்கொள்ளும், பிடிஎஸ்டிக்கும் உதவாது. பயந்துபோய் இன்று ராத்திரியே நிறுத்திவிடவும் வேண்டாம். பல மாதமாகப் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற வேறு மருந்தை அவர் யோசிப்பார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும்.

ஓபிக்குப் போகும்போது ஹெவி வண்டி ஓட்டுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாத்திரையை அதற்கேற்ப முடிவு செய்வார்கள். இப்போது போடும் மாத்திரையின் அட்டையைத் தூக்கிப்போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். இந்த ஏழு பக்கத்துக்கு நகல் வைத்திருந்தால் அதையும். இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், தபாலில் திருப்பி அனுப்பிவைக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் அந்த வரிக்கு மட்டும் நான் பென்சிலில் கோடு போட்டிருக்கிறேன்.